துரை இருந்த இடம்

எங்கள் ஊரில் கோட்டை என்று சொல்லப்படுவது கோட்டை அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பிடித்துக் கேட்கக் கூடாது. கற்பிட்டியில் கடற்படை காவல் நிற்கிறதே, அதுதான் கோட்டை. எங்களுடையது குறிஞ்சிப்பிட்டிக்கு இப்பால், கடல் உள்ளே புகுந்து நிற்கிற களப்போரமாக, ஒல்லாந்தர் சாமான் அடுக்கி வைக்கக் கட்டிய பெரிய கிட்டங்கி. முருகைக்கல் சுவர், அதன் அகலத்துக்கு மேலே ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்கலாம். ஒல்லாந்தர் போன பிறகு வெள்ளைக்காரன் வைத்திருந்தான், அவனுக்குப் பிறகு அரசாங்கம் உப்பு அடுக்கியது, அதற்கும் பிறகு வௌவால் குடியிருந்தது. ஆனாலும் நாங்கள் கோட்டை என்றே சொல்லி வந்தோம். சொந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதில் யாருக்கு என்ன நட்டம்?

கொழும்பிலிருந்து வந்த முதலாளி எங்களைவிடக் கூட்டிச் சொன்னார். அவருக்கு அது மாளிகை. ஐரோப்பாவில் எங்கேயோ பழைய மாளிகைகளை ஹோட்டல் ஆக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நீண்ட குத்தகைக்கு எடுத்துவிட்டார். இளைஞர், எங்கள் ஆள், முஸ்லிம், தமிழ் பேசுகிறவர்தான். ஆனால் இங்கிலீசில் படித்துவிட்டுப் பேசுகிற தமிழ், வாய்க்குள் சுடுகிழங்கு வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கும். மனிதர் கெட்டவர் அல்ல. ஒரு தூணைக் கண்டால் நின்று தடவிப் பார்ப்பார். ஓட்டை விழுந்த கூரையைக் கண்டால் அதற்குள்ளால் வானம் எவ்வளவு அழகு என்பார். கூரை வேய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

என்னுடைய ஹார்ட்வேர் கடை அப்போதுதான் மூடிக் கிடந்தது. ஆணி, பிணைச்சல், ஆமைப்பூட்டு என்றால் எனக்கு அத்துப்படி என்று கேள்விப்பட்டு, சாமான் அறைக்குப் பொறுப்பாக என்னை எடுத்தார்கள். அதோடு மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. கட்டடக் கலைஞர் ஒரு சிங்களப் பெண், மெல்லிய குரல், கையில் எப்போதும் ஒரு மட்டப்பலகை. மேசன் பாஸ், அதாவது கொத்தனார்களுக்குத் தலைவர், தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கர். அன்னம்மாள் கோயில் திருநாள் வந்தால் அவரை எந்த முதலாளியாலும் பிடித்து வைக்க முடியாது. இவர்கள் சண்டை பிடிக்கிற நேரம் நடுவில் நின்று எல்லோரையும் நல்லவர்களாக மொழிபெயர்த்தது நான்தான். அந்தக் கட்டடம் எழும்பியதில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்வது இதனால்தான்.

இப்போது அந்த மூலை அறைக்கு வருகிறேன்.

கட்டடத்தின் மேல்தட்டில், களப்புப் பக்க மூலையில், ஒரு அறை சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு தண்ணீருக்கு மேல் நிற்கிறது. உள்ளே சுவரோரம் கல்லால் கட்டிய ஒரு இருக்கை. இருக்கையில் வட்டமாக ஒரு துளை. துளைக்கு நேர் கீழே களப்பு. இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். எங்கள் சின்ன வயதில் அது உப்புக் கந்தோராக, அதாவது உப்பு அலுவலகமாக, இருந்தபோதும் அங்கிருந்த பெரிய துரை அந்த அறையைத்தான் பாவித்தார். உச்சமுனையிலிருந்து வருகிற வள்ளங்கள் அந்த மூலைக்கு அருகில் வந்ததும் ஒரு வளைவு வளைந்து, தூரத்தால் சுற்றிக்கொண்டுதான் கரைக்கு வரும். “துரை இருக்கிறாரா?” என்று கரையில் நிற்பவர்களைப் பார்த்துக் கேட்பார்கள். துரை போய், கந்தோரும் போய், துளையை யாரோ கல் வைத்து அடைத்தும் விட்டார்கள். வள்ளங்கள் மட்டும் இன்றைக்கும் வளைந்துதான் வருகின்றன. அப்பன் வளைத்தான், மகனும் வளைக்கிறான், அவ்வளவுதான் காரணம்.

முதலாளி அந்த அறைக்குள் வந்த அன்று நானும் பாஸும் கூட நின்றோம். அவர் ஜன்னலால் களப்பைப் பார்த்தார், கல் இருக்கையைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வராத குறை. அந்தக் காலத்துத் தளபதி அந்தியில் இங்கே உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்திருப்பார், இல்லையா என்று பாஸிடம் கேட்டார். பாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஓம் சேர், இங்கே இருந்துதான் பார்த்திருப்பார் என்றார். நிறைய நேரம் இருந்திருப்பாரா? ஓம் சேர், சில நாளைக்கு நிறைய நேரம் இருக்க வேண்டி வரும்தானே. ஊர் ஆட்கள் இந்த இடத்துக்கு என்ன பெயர் சொல்வார்கள்? பாஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“துரை இருக்கிற இடம் எண்டு சொல்லுவாங்க, சேர்” என்றார் பாஸ்.

பொய் ஒரு எழுத்துக்கூட இல்லை. இருக்கிறது என்றால் எங்கள் ஆட்களுக்கு இரண்டு அர்த்தம், அதில் ஒன்றை இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதில்லை போலிருக்கிறது. முதலாளிக்கு அந்தப் பெயர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. ஹோட்டலிலேயே விலை கூடிய அறை அதுதான் என்று அங்கேயே முடிவாகியது. பக்கத்து அறையோடு இடித்துச் சேர்த்தார்கள். பித்தளைப் பலகை ஒன்று கொழும்பில் வெட்டி வந்தது: தமிழில் ‘துரை இருந்த இடம்’, கீழே அதன் அர்த்தம் இங்கிலீசிலும் சிங்களத்திலும். அதைச் சுவரில் அறையும்போது பாஸுக்கு இருமல் வந்து இரண்டு ஆணி வளைந்தது. நான் வேறு ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

தரைதான் தொல்லை கொடுத்தது. ஒல்லாந்தன் புத்திசாலி, அந்தத் தரைக்குக் களப்புப் பக்கம் நல்ல வாட்டம் விட்டுத்தான் கட்டியிருந்தான். தண்ணீர் ஊற்றினால் ஓடிப்போக வேண்டுமே. ராசா ராணி படுக்கிற மாதிரியான கட்டிலைக் கொண்டுவந்து போட்டால் அது மெல்ல மெல்ல ஜன்னலை நோக்கி நகர்ந்தது. கட்டடக் கலைஞர் கால்களுக்கு மரக்கட்டை வைத்துச் சமப்படுத்தினார். வைத்துவிட்டு, கல் இருக்கையை ஒருமுறை பார்த்து, மட்டப்பலகையைத் துடைத்தபடி போனார். அந்தப் போக்கு எனக்கு அப்போதே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முதலாளி சின்னக் கதவைப் பற்றிப் பேசுகிறவரை.

கோட்டைக்கு முன்பக்கம் பெரிய கேற், அது தார் ரோட்டுப் பக்கம். எங்கள் வீடுகள் இருக்கிற ஒழுங்கைப் பக்கம் மதிலில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதற்குள்ளால் நுழைந்து, வளவின் ஒரு மூலையைக் கடந்தால் நேரே களப்பு. ஊர் அப்படித்தான் கடலுக்குப் போய்வந்தது. பூட்டு என்று அதில் ஒன்று இருந்ததை நான் கண்டதில்லை. விருந்தாளிகள் வரப்போகிறார்கள், ஊர் ஆட்கள் குறுக்கே நடக்க ஏலாது, திறப்பு விழாவோடு கதவை மூடிவிடுவோம் என்றார் முதலாளி. வேலையாட்களுக்கு மட்டும் காவலாளி உள்ளே இருந்து திறப்பார். மற்றவர்கள் ரோட்டால் சுற்றிப் போகலாம்.

மற்றவர்கள் என்று அவர் சொன்னதில் முதல் ஆள் என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா.

என்னுடைய மூத்த ராத்தா காலையில் உச்சமுனை வள்ளம் வருகிற நேரம் கூடையோடு அந்தக் கதவால் போவார். இறாலும் ஓரா மீனும் வாங்கி, நல்லதைத் தெரிந்தெடுத்து, கழுவி, ஊருக்குள் விற்பார். முழங்கால் இரண்டும் சரியில்லை. ரோட்டால் மணலில் சுற்றிப் போய்வருவதற்குள் மீனும் பழுதாகும், ராத்தாவும் பழுதாவார். ஆனால் பெரிய விஷயம் மீன் அல்ல. மச்சான் மௌத்தானபோது ராத்தா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் வெளியே வராமல் வீட்டோடு இருக்கிற அந்தக் காலம் எங்களில் எல்லோருக்கும் உண்டு, ராத்தாவும் முறைப்படி இருந்தார். ஆனால் வாய் ஓயாத மனுஷி, அந்த நாட்களில் வாயே திறக்கவில்லை. இத்தா முடிந்த காலை அவர் நேரே அந்தச் சின்னக் கதவால் போய்க் களப்புத் தண்ணீரில் முழங்கால் வரை நின்றார். வள்ளக்காரன் இறாலுக்கு விலை சொன்னான். ராத்தா அவனைப் பிடித்து ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது, எங்கள் ராத்தா திரும்பி வந்துவிட்டார் என்று.

அதனால் முதலாளியின் முடிவைச் சொல்ல, ஒழுங்கையை இரண்டு தரம் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். ராத்தா இறால் உரித்துக்கொண்டே கேட்டார். என்னை ஏசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அந்த மூலை அறைக்குப் பித்தளையில் பலகை அடித்திருக்கிறீர்களாமே, உண்மையா என்று கேட்டார்.

மறுநாள் கோட்டைக்கு வந்தார், தலையில் முக்காட்டை நன்றாகப் போட்டுக்கொண்டு. முதலாளி மரியாதையாகக் கதிரை போட்டுக் கொடுத்தார். கதவை மூடாமல் விடச் சொல்லி ராத்தா கேட்டார், அவர் ஏலாது என்று அழகாகச் சொன்னார். ராத்தா கோபிக்கவே இல்லை. எழும்பும்போதுதான் சொன்னார்.

“சரி தம்பி. அந்த மேல் அறையில முந்தி துரை என்ன செய்ய இருந்தவர் எண்டு வாற ஆக்கள் எங்களிட்ட கேட்டா, நாங்க பொய் சொல்ல ஏலாதுதானே.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவை இல்லாத தமிழ்தான், ஆனாலும் விளங்கப்படுத்த வேண்டி வந்தது. கக்கூசு என்ற சொல்லை என் வாயால் சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. நேரே கட்டடக் கலைஞரிடம் போய், உங்களுக்காவது தெரியாதா என்று கேட்டார். முதல் நாளே தெரியும் என்று அந்தப் பெண் சிங்களத்தில் அமைதியாகச் சொன்னார். தரை வாட்டத்தைப் பார்த்தால் விளங்காதா? பிறகு ஏன் சொல்லவில்லை? நீங்கள் அந்த இருக்கையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள், அப்போது எப்படிச் சொல்வது என்றார். நான் அதை முதலாளிக்குக் கொஞ்சம் மென்மையாக்கி மொழிபெயர்த்தேன்.

கதவு மூடப்படவில்லை. ஊர் முழுவதும் வாயை மூடிக்கொண்டது. த்ரீவீல்காரர்கள்கூட விருந்தாளிகளை இறக்கும்போது, ஓம், துரை இருந்த இடம், சரித்திர இடம் என்றுதான் சொன்னார்கள். ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு கக்கூசின் மானத்தைக் காப்பாற்றியது எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

இதற்கிடையில், திறப்பு விழாவுக்குக் கொஞ்சம் முன்பு, முதலாளியின் வாப்பா மௌத்தானார். முதலாளி கொழும்புக்குப் போய் மையத்து அடக்கிவிட்டு வந்தார். வந்தபிறகு தூண்களைத் தடவுவது குறைந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு மூலை அறையில் யாரும் இல்லாவிட்டால் ஜன்னலடியில் நின்று உம்மாவுக்கு வீடியோ கோல் எடுப்பார். உம்மா கொழும்பில் ஒரு மாடிவீட்டில் ஜன்னல் சீலையை இழுத்து விட்டுக்கொண்டு இத்தாவில் இருந்தார். இவர் போனைத் திருப்பிக் களப்பைக் காட்டுவார். வள்ளங்களைக் காட்டுவார். அந்த வள்ளம் ஏன் மகன் வளைஞ்சு போகுது என்று உம்மா ஒருநாள் கேட்டது எனக்கே கேட்டது. நீரோட்டம் உம்மா என்றார் முதலாளி. நான் கையில் இருந்த பல்பை மாட்டாமலேயே இறங்கி வந்துவிட்டேன்.

பிறகு ஒல்லாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வயதானவர்கள், நல்ல உயரம், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள். மூலை அறைதான் எடுத்தார்கள். இரண்டாம் நாள் காலை நான் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று தாழ்வாரத்து விளக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். கீழே குசினியிலிருந்து சமையல்காரர், விருந்தாளிகளுக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியத்தில் வழக்கம்போல, மேலே வேலைக்கு நிற்கிற பெண்ணுக்குச் சத்தம் போட்டார்: கக்கூசு அறைக்கு எத்தனை முட்டை?

கிழவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். அந்தச் சொல்லை ஒருமுறை மெல்ல, தங்கள் வாய்க்கு ஏற்றபடி சொல்லிப் பார்த்தார். அது அவர்களுடைய சொல்லாம். அவர்களுடைய பழைய ஆட்கள் கக்கூசுக்குச் சொன்ன பெயரை நாங்கள் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருக்கிறோம். மனுஷி திறந்திருந்த கதவால் உள்ளே கட்டிலின் மரக்கட்டைகளைப் பார்த்தார், கல் இருக்கையைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி ஓடிவந்து மன்னிப்புக் கேட்க, அவர்கள் இன்னும் இரண்டு நாள் கூட இருக்கப் போகிறோம் என்றார்கள். வேறு என்ன சொல் இருக்கிறது என்று என்னை இருத்திவைத்துக் கேட்டார்கள். பாஸ் என்ற சொல்லும் கந்தோர் என்ற சொல்லும் அவர்களுடையவைதான் என்று தெரியவந்தது. மேற்பார்வைக்கு ஒரு ஆள், உட்காரக் கந்தோர், எழும்பிப் போகக் கக்கூசு. ஒல்லாந்தர் விட்டுப்போனதைப் பார்த்தால் அரசாங்க உத்தியோகம் முழுதாக அதற்குள் அடங்கிவிட்டது.

அவர்கள் ஊருக்குப் போய் இணையத்தில் படத்தோடு எழுதிவிட்டார்கள். பிறகு வருகிற ஒல்லாந்துக்காரர் எல்லாம் அந்த அறைதான் வேண்டும் என்றார்கள். முதலாளிக்கு வாய் காதுவரை போனது. நானும் சிரித்தேன், ராத்தாவை நினைக்கிறவரை. ஊரின் கையில் இருந்த ஒரே ஆயுதம் போய்விட்டது. மறைக்க ஒன்றும் இல்லையென்றால் பயப்படவும் ஒன்றும் இல்லை.

நான் நினைத்தது சரி. அந்த வாரமே என்னைக் கூப்பிட்டு, சின்னக் கதவுக்கு நல்ல ஆமைப்பூட்டு ஒன்று வாங்கிப் போடச் சொன்னார். விருந்தாளிகள் நீந்துகிற இடத்தில் மீன் கழுவுகிறார்களாம். ராத்தாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். ரோட்டால் வரட்டும் என்றார்.

வாங்கினேன். பெரிய பூட்டு, துருப்பிடிக்காதது, என் கடையில் வைத்திருந்தால் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருப்பேன். பாஸ் வந்து கொண்டி அடித்துத் தந்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒழுங்கைப் பக்கம் என்றேன். முதலாளி பூட்டச் சொன்னாரே தவிர எந்தப் பக்கத்தால் என்று சொல்லவில்லை. பாஸுக்குச் சொன்னது உடனே விளங்கியது. அவருக்கு மறுபடி இருமல் வந்தது. அந்திக்கு முதலாளி உள்ளே இருந்து கதவைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை, திருப்தியாகப் போனார். ஒழுங்கைப் பக்கத்தில் தொங்கிய பூட்டைத் திறக்கிற திறப்பு அப்போது ராத்தாவின் முந்தானை முடிச்சில் இருந்தது.

விடிந்து நான் போகும்போது கதவுக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. சமையல்காரர், அறை துப்பரவு செய்கிற பெண்கள், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கிற த்ரீவீல். முன் கேற்றால் போகலாம்தான். ஆனால் வேலையாட்கள் முன் கேற்றால் வரக்கூடாது என்பது முதலாளி தானே போட்ட சட்டம், சமையல்காரர் அன்றைக்குப் பார்த்துச் சட்டத்தை மதிக்கிற ஆளாகிவிட்டார். உள்ளே முதலாளி கதவைத் தட்டினார். விருந்தாளிகள் மேசையில் இருந்தார்கள், மேசையில் ஒன்றும் இல்லை. பாண்காரனின் பாட்டு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

ராத்தா ஆறுதலாக வந்தார். கூடையை இறக்கிவைத்தார். பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். முதலாளி கோபத்தில் சிவந்திருந்தார், திறப்பைத் தாருங்கள் என்று கையை நீட்டினார். ராத்தா கொடுக்கவில்லை. வழக்கமாகச் சண்டைக்கு ஏறுகிற குரல் அன்றைக்கு ஏறவில்லை.

“நான் ஒரு இத்தா இருந்து முடிச்சிட்டன், தம்பி. இந்தக் கதவப் பூட்டி இன்னொண்டு இருக்க வைக்காதீங்க. என்னால ஏலா.”

முதலாளியின் கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே, அந்த மூலை அறையின் ஜன்னலைப் பார்த்தார். யார் ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். திறப்பு உங்களிடமே இருக்கட்டும் ராத்தா, காலையில் திறந்து அந்திக்குப் பூட்டுங்கள் என்று சொன்னார். அப்ப நான் வாற நேரம்தான் இனி உங்கட கோட்டைக்கு விடியும் என்றார் ராத்தா. அன்றிலிருந்து அப்படித்தான் விடிகிறது.

கொழும்பில் இத்தா முடிந்ததும் முதலாளி உம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்ன உருவம், வெள்ளை முக்காடு, பழகிய வெளிச்சத்தை மறந்துபோனவர் மாதிரிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். ராத்தா யாரிடமும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து வளவைக் கடந்து களப்புக்குக் கூட்டிப்போய், சேலையை உயர்த்தச் சொல்லித் தண்ணீரில் இறக்கிவிட்டார். இரண்டு பேரும் முழங்கால் வரை நின்றார்கள். உச்சமுனை வள்ளம் ஒன்று வந்தது. மூலைக்குக் கிட்டே வந்து வளைந்து, தூரத்தால் சுற்றியது. நீரோட்டம் பலமோ என்று உம்மா கேட்டார். என்ன நீரோட்டம் என்று ராத்தா கேட்டார். கரையில் நின்ற முதலாளி ராத்தாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. ராத்தாவிடம் போய் வேண்டாம் என்று சொல்லலாமா? காதோடு காதாகச் சொல்லிவிட்டார்.

உம்மா திரும்பி மேலே ஜன்னலைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு நாளும் நீ எனக்குக் கடல் காட்டினது கக்கூசுல நிண்டா மகன்?”

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். வாப்பா போனதற்குப் பிறகு உம்மா சிரித்து அவர் பார்க்கவில்லை என்று முதலாளி பிறகு என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போய் உம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.